பத்து மீட்டர் அறைக்குள் ஒரு கிலோமீட்டர்

பௌர்ணமி இரவில் மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். கையில் ஒரு மிளகு இருக்கட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மிளகை இரு விரல்களின் நுனியில் பிடித்து, மற்றக் கண்ணிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிலவுக்கு நேராக நிறுத்திப் பாருங்கள். நிலவு மறைந்துவிடும். 3,476 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்தை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மிளகு மறைத்துவிட்டது!

இதில் மாயம் ஏதுமில்லை. நிலவின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 110 மடங்கு தொலைவில் நிலவு இருக்கிறது. உங்கள் மிளகோ அதன் விட்டத்தைப்போல் 100 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே மிளகு கண்ணில் ஏற்படுத்தும் கோணம் நிலவு ஏற்படுத்தும் கோணத்தைவிடச் சற்றுப் பெரியது. கண் நேரடியாக அளப்பது நீளத்தையன்று, கோணத்தையே. கோணம் ஒன்றானால், அருகிலுள்ள சிறு பொருளும் தொலைவிலுள்ள பெரும் பொருளும் கண்ணுக்கு ஒன்றே.

இந்த எளிய உண்மையைத் துப்பாக்கி சுடும் வீரர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகின்றனர். 300 மீட்டர், ஏன், ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்க்க விரும்பும் ஒருவருக்குக் கிடைத்திருப்பது ஒரு நீண்ட அறை மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? இலக்கைச் சிறிதாக்கிச் சுவரில் ஒட்டிக்கொள்வார். அப்படிப் பயின்றால் போதுமா? அறை எதைக் கற்றுத் தரும், எதைக் கற்றுத் தராது? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நிலம் ஏன் இவ்வளவு தேவை?

நெடுந்தொலைவு சுடுவதற்கு இலக்குவரை இடம் இருந்தால் மட்டும் போதாது. குறி தவறிய குண்டு எங்கே போய் விழும் என்பதையும் கவனிக்க வேண்டும். 0.22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டாவே தகுந்த கோணத்தில் சுடப்பட்டால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் செல்லும். போர்வீரர்கள் பயன்படுத்தும் ரைபிளின் குண்டு மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லும். எனவே சுடுகளத்தின் பின்னால் உயரமான மண்மேடும், அதற்கும் அப்பால் ஆள் நடமாட்டமில்லாத பெருவெளியும் தேவை.

இதனால் ஏற்பட்ட சங்கடத்திற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள தேசிய ரைபிள் சங்கம் 1859ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மறு ஆண்டு லண்டனுக்கு அருகிலுள்ள விம்பிள்டன் பொதுவெளியில் அதன் முதல் போட்டி நடந்தது. விக்டோரியா அரசியே முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். ஆனால் நகரம் வளர்ந்தது. வீடுகள் நெருங்கி வந்தன. டென்னிஸ் ஆட்டத்தால் இன்று நாம் அறிந்திருக்கும் அந்த விம்பிள்டனில் துப்பாக்கிக்கு இடமில்லாமற் போயிற்று. 1890ஆம் ஆண்டு சங்கம் தன் சுடுகளத்தைப் பிஸ்லி என்னும் ஊருக்கு மாற்றிக்கொண்டது.

வசதியுள்ளவர்கள் ரயில் ஏறிப் பிஸ்லிக்குச் சென்று வரலாம். வாரம் முழுவதும் ஆலையில் உழைத்துவிட்டு, மாலையில் ஓரிரு மணி நேரம் மட்டுமே ஓய்வு பெறும் தொழிலாளி எங்கே போவது?

அறைக்குள் வந்த துப்பாக்கி

வீட்டுக்குள் சுடுவது ஐரோப்பாவில் அதற்கு முன்பே தெரிந்திருந்த ஒன்றுதான். 1840களில் பிரான்சைச் சேர்ந்த புளோபேர் என்பவர், வெடிமருந்துத் தூளே இல்லாமல், தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டும் மருந்தின் வலிமையால் மட்டும் சிறு குண்டைச் செலுத்தும் துப்பாக்கியை உருவாக்கினார். அது வரவேற்பறைகளில் பொழுதுபோக்காயிற்று. ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில் ‘அறைத் துப்பாக்கி’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு வகை இருந்தது. பனி பெய்யும் மாதங்களில் விடுதிக் கூடங்களில், சுமார் 15 மீட்டர் தொலைவில் இலக்கு வைத்து, 4 மில்லிமீட்டர் அளவுள்ள குண்டுகளால் அதனைச் சுட்டுப் பழகினர்.

பொழுதுபோக்காக இருந்ததைப் பயிற்சியாக மாற்றியது ஒரு போர். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போரில் பிரிட்டிஷ் படையை எதிர்த்தவர்கள் போயர் என்னும் குடியானவர்கள். பரந்த புல்வெளிகளில் வேட்டையாடிப் பழகிய அவர்களின் குறிபார்க்கும் திறன் பிரிட்டனை அதிர வைத்தது. நகரத்தில் வளர்ந்த நம் இளைஞர்களுக்கு இத்திறன் எப்படி வரும் என்ற கேள்வி எழுந்தது. 1901ஆம் ஆண்டு தொழிலாளர் ரைபிள் குழுக்களுக்கான ஒரு சங்கம் பிறந்தது. விரைவில் அது ‘சிறு ரைபிள் குழுக்களின் சங்கம்’ ஆயிற்று. தென்னாப்பிரிக்கப் போரில் படைத்தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அதற்குப் பெருந்துணையாக நின்றார். 0.22 அங்குலத் துப்பாக்கி, 25 கஜம் நீளமுள்ள ஒரு கூடம், சிறிதாக்கிய இலக்குத்தாள் ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு குழு தொடங்கிவிடலாம்.

1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்த இரு உலகங்களும் ஒரே களத்தில் சந்தித்தன. பிஸ்லியில் நடந்த போட்டிகளில் 1,000 கஜத் தொலைவில், அதாவது 914 மீட்டரில் சுடும் போட்டியும் இருந்தது. 25 கஜத் தொலைவில் சுடும் போட்டியும் இருந்தது!

சிறிதாக்கும் கணக்கு

இலக்கை எவ்வளவு சிறிதாக்க வேண்டும்? வடிவொத்த முக்கோணங்களை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதுவே இங்குப் போதும்.

சிறிய இலக்கின் அளவு ÷ அறையின் தொலைவு = பெரிய இலக்கின் அளவு ÷ உண்மைத் தொலைவு.

பன்னாட்டுப் போட்டிகளில் 300 மீட்டர் இலக்கின் மொத்த விட்டம் 1 மீட்டர்; அதன் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தின் விட்டம் 600 மி.மீ.; பத்துப் புள்ளி தரும் நடுவளையத்தின் விட்டம் 100 மி.மீ. இதைப் 10 மீட்டருக்குக் கொண்டுவர எல்லாவற்றையும் 30ஆல் வகுக்க வேண்டும். கறுப்பு வட்டம் 20 மி.மீ. ஆகும், பத்து வளையம் 3.3 மி.மீ. ஆகும். ஒரு பெரிய சாப்பாட்டு மேசையளவு இருந்த இலக்கு இப்போது தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆயினும் குறிபார்ப்பவரின் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும்.

சுடுவோர் தங்கள் பிழையையும் கோணத்திலேயே அளக்கின்றனர். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். அது 10 மீட்டரில் 2.9 மி.மீ., 100 மீட்டரில் 29 மி.மீ., 300 மீட்டரில் 87 மி.மீ. நீளத்திற்குச் சமம். அறையில் 2.9 மி.மீ. தவறுபவர், வேறு எந்தக் குறுக்கீடும் இல்லையென்றால், 300 மீட்டரில் 87 மி.மீ. தவறுவார்.

பிழை பிறக்கும் இடம்

இந்தப் பிழை எங்கே பிறக்கிறது? துப்பாக்கிக் குழலின் முன்முனையில் ஒரு முன்குறி இருக்கிறது. கண்ணுக்கு அருகில் சிறு துளையுள்ள பின்குறி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 75 செ.மீ. தொலைவு என்று கொள்வோம். சுடும் கணத்தில் முன்குறி தன் சரியான இடத்திலிருந்து 0.1 மி.மீ. மட்டும் விலகுகிறது. ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன்! கோணம் என்ன? 750இல் 0.1, அதாவது 7,500இல் ஒரு பங்கு. இப்போது கணக்கிடுங்கள்:

10 மீட்டரில் விலகல் 1.3 மி.மீ.
50 மீட்டரில் 6.7 மி.மீ.
300 மீட்டரில் 40 மி.மீ.
914 மீட்டரில் 12 செ.மீ.

நன்றாகக் கவனியுங்கள். இந்தப் பிழை இலக்கின் அருகே பிறக்கவில்லை. சுடுபவரின் கண்ணுக்கும் தோளுக்கும் விரலுக்கும் இடையில், ஒரு மீட்டருக்குள் பிறந்துவிட்டது. தொலைவு அதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே பிழையைத் திருத்த வேண்டிய இடமும் அந்த ஒரு மீட்டர்தான். சிறிய அறையில் செய்யும் பயிற்சி பயன் தருவதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

நீங்களே செய்து பாருங்கள்

படைப்பயிற்சிப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு வகுப்பறைப் பயிற்சி உண்டு. அதற்குப் ‘பிழை முக்கோணம்’ என்று பெயர். துப்பாக்கி இல்லாமலே நீங்கள் அதைச் செய்யலாம்.

ஒரு மீட்டர் நீளமுள்ள மர அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையில், 1 மி.மீ. துளையிட்ட அட்டைத் துண்டு ஒன்றைக் களிமண்ணால் நிறுத்துங்கள். இது பின்குறி. மறுமுனையில் ஒரு குண்டூசியைக் கூர்முனை மேலே இருக்குமாறு களிமண்ணில் நிறுத்துங்கள். இது முன்குறி. முனை கண்ணில் படாதபடி கவனம் தேவை. அளவுகோலை மேசைமேல் அடுக்கிய செங்கற்களின்மீது வைத்து, அசையாமல் கட்டிவிடுங்கள்.

எதிரே, அளந்து 10 மீட்டர் தள்ளி, சுவரில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். 3 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு அட்டை வட்டம் ஒன்றை வெட்டி, அதன் மையத்தில் பென்சில் நுனி நுழையும் துளை இடுங்கள். உங்கள் நண்பர் அந்த வட்டத்தைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் அளவுகோலைத் தொடாமல், அட்டைத் துளை வழியாகப் பார்த்து, “மேலே, சற்று இடப்பக்கம்” என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். குண்டூசி முனையின்மேல் கறுப்பு வட்டம் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியதும் “நில்” என்று சொல்லுங்கள். நண்பர் துளை வழியே ஒரு புள்ளி வைப்பார். வட்டத்தை எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று முறை.

மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுமா? பெரும்பாலும் விழா. அவற்றை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் மிக நீண்ட பக்கம் 10 மி.மீ. என்றால், உங்கள் கண்ணின் பிழை 1,000இல் ஒரு பங்கு. 300 மீட்டரில் அது 30 செ.மீ. ஆகியிருக்கும். அளவுகோல் அசையவே இல்லை. ஆகவே கையின் நடுக்கத்திற்கு இதில் பங்கில்லை. இது கண்ணின் பிழை மட்டுமே. கையையும் கண்ணையும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பது ஒரு நல்ல அறிவியல் முறையாகும்.

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் செய்து பாருங்கள். முக்கோணம் சுருங்கும். ஒரு குறிப்புச் சொல்கிறேன்: கண்ணின் குவியம் ஊசி முனைமேல் இருக்கட்டும், கறுப்பு வட்டம் சற்று மங்கலாகத் தெரிந்தால் தவறில்லை. இரண்டையும் ஒருசேரத் தெளிவாகக் காண்பது கண்ணால் இயலாது. துப்பாக்கி சுடுவோரும் முன்குறியைத்தான் தெளிவாகப் பார்க்கின்றனர். பின்குறியின் சிறு துளை, ஊசித்துளைக் காமிராவைப்போல, அருகையும் தொலைவையும் ஓரளவு ஒன்றாகத் தெளிவுபடுத்தித் துணை செய்கிறது.

குண்டே இல்லாமல் ஒரு பயிற்சி

சுடுபவர்களின் பயிற்சியில் பெரும்பகுதி குண்டு இல்லாமலே நடக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். துப்பாக்கி காலியாக உள்ளதா என்று முதலில் சோதிக்கின்றனர். பின் சுவரிலுள்ள சிறு புள்ளியைக் குறிபார்த்து, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்துகின்றனர். ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்கும். அந்தக் கணத்தில் முன்குறி எந்தப் பக்கம் துள்ளிற்று என்பதைக் கண் பார்த்துக்கொள்கிறது. குண்டு வெடித்தால் அதிர்ச்சியில் இந்த நுட்பம் தெரியாமல் போய்விடும். காலித் துப்பாக்கியோ உண்மையைச் சொல்லிவிடும்.

உடல் ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. மூச்சு விடும்போது குழல் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் முன்குறி சற்றே துள்ளுகிறது. மூச்சை வெளியிட்டு, அடுத்த மூச்சை இழுக்கும்முன் உள்ள சில விநாடி அமைதியில் விசையை அழுத்துவதே முறை. தசையின் வலிமையால் துப்பாக்கியைத் தாங்கினால் தசை களைத்து நடுங்கும். எனவே எலும்புகள் தூண்போல் அடுக்கி நின்று பாரத்தைத் தாங்கும்படி நிற்கப் பழகுகின்றனர். இவை யாவும் அறைக்குள் கற்கக்கூடியவை. இப்போது கணிப்பொறியுடன் இணைந்த ஒளியியல் கருவிகள் வந்துள்ளன. குழலில் பொருத்திய கருவி, குறி அலைந்த பாதையைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிறது.

அறை சொல்லாத உண்மைகள்

இதுவரை படித்ததும், “அப்படியானால் பெருவெளி எதற்கு? அறையே போதுமே!” என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இலக்கைச் சுருக்கிவிடலாம்; ஆனால் எல்லாம் சுருங்குவதில்லை.

முதலாவது, குண்டு சுருங்குவதில்லை. 4.5 மி.மீ. விட்டமுள்ள காற்றுத் துப்பாக்கிக் குண்டு, 30 மடங்கு சுருக்கிய இலக்கில் பாய்ந்தால், அது 300 மீட்டரில் 13.5 செ.மீ. விட்டமுள்ள பெரும் பந்து பாய்ந்ததற்குச் சமம்! அப்பந்து எளிதில் வளையத்தைத் தொட்டுவிடும். சுடுபவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வார். எனவே சுருக்கிய இலக்கில் துளையின் விளிம்பைப் பார்க்காமல், துளையின் மையம் எங்குள்ளது என்றே அளக்க வேண்டும்.

இரண்டாவது, காலம் சுருங்குவதில்லை. புவியீர்ப்பு ஒரு பொருளை எவ்வளவு கீழே இழுக்கும் என்பது அது பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றுத் துப்பாக்கிக் குண்டு 10 மீட்டரைக் கடக்க 0.06 விநாடி ஆகும். அதற்குள் அது சுமார் 1.8 செ.மீ. தாழ்கிறது. 914 மீட்டர் என்பது இதைப்போல் 91 மடங்கு. வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி அங்குத் தாழ்வு 1.6 மீட்டராக இருக்க வேண்டும். உண்மையில் என்ன? காற்றுத் துப்பாக்கியைவிடப் பன்மடங்கு வேகமுள்ள பெரிய ரைபிளின் குண்டுக்கே 914 மீட்டரைக் கடக்கச் சுமார் ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் அது ஏறத்தாழ 10 மீட்டர் தாழ்ந்துவிடுகிறது. மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்! பாதை நேர்கோடன்று, வளைகோடு. வளைகோட்டுக்கு நம் முக்கோணக் கணக்குச் செல்லாது.

மூன்றாவது, காற்று. மூடிய அறையில் காற்று வீசுவதில்லை. வெளியிலோ மிதமான குறுக்குக் காற்றுகூட அந்த ஒன்றரை விநாடியில் குண்டை ஒரு மீட்டருக்கும் மேல் ஒதுக்கித் தள்ளிவிடும். தொலைவு இரட்டித்தால் இந்த ஒதுக்கம் இரண்டு மடங்கு அன்று, அதனினும் மிகுதி. 50 மீட்டர் போட்டிக் களத்திலேயே வழியெங்கும் சிறு துணிக்கொடிகளை நட்டிருப்பார்கள். நெடுந்தொலைவில் சுடுபவர்கள் கொடிகளையும், புற்களின் அசைவையும், தரையிலிருந்து எழும் கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் பார்த்தே காற்றைக் கணிக்கின்றனர். இந்தப் பாடத்தை எந்த அறையும் கற்பிக்காது. அதற்குத் திறந்தவெளியில் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும்.

நான்காவது, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியில் இன்னொரு சிக்கல் உண்டு. நூறு மீட்டருக்கென அமைத்த தொலைநோக்கியில் 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால் இலக்கு மங்கும். தலையைச் சற்று அசைத்தாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும். இதுவே இடமாறு தோற்றப் பிழை. இயற்பியல் கூடத்தில் ஒளியியல் சோதனை செய்யும்போது ஊசிகளைக் கொண்டு நீங்கள் நீக்கப் பழகும் அதே பிழைதான்.

ஆகவே நெடுந்தொலைவு சுடுவதில் இரண்டு பாதிகள் உள்ளன. ஒரு பாதி சுடுபவரின் உடலில் உள்ளது; அது கோணத்தைச் சார்ந்தது; அறைக்குள் அடங்கும். மறுபாதி காற்றிலும் மண்ணின் ஈர்ப்பிலும் உள்ளது, அது காலத்தைச் சார்ந்தது, அறைக்குள் அடங்காது.

பயிற்சியே போட்டியான கதை

இடமில்லாததால் பிறந்த அறைப் பயிற்சி பின்னர் தனி விளையாட்டாகவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் மற்றத் துப்பாக்கிகளுக்குத் தடை இருந்த காலத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி வேகமாகப் பரவியது. 1966ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் நடந்த உலகப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவு இடம்பெற்றது. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குடன் 300 மீட்டர் ரைபிள் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டி நுழைந்தது. பெருவெளி வெளியேற, அறை உள்ளே வந்தது.

10 மீட்டர் என்றவுடன் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் பத்துப் புள்ளி வளையம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளைப் புள்ளி. நல்ல கண் பிரித்தறியும் கோணம் ஏறத்தாழ ஒரு கோண நிமிடம். 10 மீட்டரில் அது 2.9 மி.மீ. எனவே அரை மில்லிமீட்டர்ப் புள்ளி சுடுபவரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது! அவர் முன்குறியிலுள்ள வளையத்திற்குள் 30.5 மி.மீ. கறுப்பு வட்டத்தைச் சுற்றிலும் சம இடைவெளி இருக்குமாறு நிறுத்துகிறார். இரு வட்டங்கள் ஒரே மையத்தில் உள்ளனவா என்று காண்பதில் நம் கண்ணுக்கு வியத்தகு திறமை உண்டு. காணாத புள்ளியை இப்படித்தான் அடிக்கின்றனர்.

குண்டின் விளிம்பு அப்புள்ளியைத் தொட்டாலே பத்துப் புள்ளி. அதாவது குண்டின் மையம் 5 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் விழ வேண்டும். கோணத்தில் இது 2,000இல் ஒரு பங்கு. இதே கணக்கை 50 மீட்டர் இலக்குக்குச் செய்தால் ஏறத்தாழ 3,100இல் ஒரு பங்கும், 300 மீட்டர் இலக்குக்குச் செய்தால் ஏறத்தாழ 2,800இல் ஒரு பங்கும் வரும். தொலைவு முப்பது மடங்கு மாறினாலும், மனிதனிடம் கேட்கப்படும் துல்லியம் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருப்பதைப் பாருங்கள்.

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பெய்ஜிங் நகரில் இந்தப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. கடைசிக் குண்டுக்கு முன் இந்தியாவின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹாக்கினனும் 689.7 என்று சமமாக இருந்தனர். ஹாக்கினன் 9.7 அடித்தார். பிந்த்ரா அடித்தது 10.8. மொத்தம் 700.5. ஒலிம்பிக்கில் ஓர் இந்தியர் தனியாகப் பெற்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. 10.8 என்றால் என்ன? குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குமேல் விலகவில்லை என்று பொருள். 20,000இல் ஒரு பங்கு! இக்கோணத்தை அப்படியே 914 மீட்டருக்கு நீட்டினால் விலகல் 4.6 செ.மீ. மட்டுமே. பிந்த்ரா சிறுவயது முதல் பயின்ற இடங்களுள் ஒன்று, அவர் தந்தை வீட்டிலேயே அமைத்துக் கொடுத்த சுடுகூடம்.

எல்லார் வீட்டிலும் சுடுகூடம் இராது. ஆனால் 10 மீட்டர்க் கூடத்தை ஓர் ஊரிலோ பள்ளியிலோ அமைப்பது, 300 மீட்டர்க் களம் அமைப்பதைவிட எவ்வளவோ எளிது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டதும் இதே 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில்தான். நூறு ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர்களுக்குக் கதவு திறந்த சிறு அறை, இன்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கிறது.

ஓர் எச்சரிக்கை: காற்றுத் துப்பாக்கி பொம்மையன்று. அதன் குண்டு கண்ணைப் பறித்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பியும் தாக்கும். தேசிய மாணவர் படையிலோ, முறையான சங்கத்திலோ, பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே துப்பாக்கியைத் தொட வேண்டும். வீட்டில் உங்களுக்கு அளவுகோலும் குண்டூசியும் போதும்.

இனி ஒரு கணக்கு. உங்கள் பள்ளித் தாழ்வாரத்தின் நீளம் 7 மீட்டர். 50 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் 112.4 மி.மீ. விட்டமுள்ளது. அது கண்ணுக்கு அதே அளவாகத் தோன்றத் தாழ்வாரத்தில் எவ்வளவு பெரிய வட்டம் வரைய வேண்டும்? கணக்கிட்டு, வரைந்து, பிழை முக்கோணச் சோதனையை அதில் செய்து பாருங்கள்.

(விடை: சுமார் 15.7 மி.மீ.)